ஹயாத்து அவன் கையில், மாத்திரை யார் கையில்?

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “வாப்பாவுக்கு 74 வயது. கீழக்கரையில் உம்மாவோடு இருக்கிறார். 15 வருஷமாகச் சீனி, கூடவே பிரஷர். ஆறு மாதமாக மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. போனில் கேட்டால் ‘ஹயாத்து (உயிர்) அல்லாஹ் கையில்’ என்று முடித்துவிடுகிறார். வயதாக ஆக ஈமான் (இறைநம்பிக்கை) கூடுகிறது, சந்தோஷம்தான். ஆனால் அது கூடக்கூட, உடம்பைப் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்கிற எண்ணம் குறைந்துபோகுமா? நான் அவரிடம் எப்படிப் பேசுவது?”

இந்த ராமநாதபுரம் கடற்கரையில் 27 வருஷமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் அறுபது தாண்டிய முஸ்லிம்கள். ‘ஹயாத்து அவன் கையில்’ என்ற வாக்கியத்தை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கேட்பேன். அதைச் சொல்லிவிட்டு மறுவாரம் ஒழுங்காக ரத்தப் பரிசோதனைக்கு வந்து நிற்பவர்களும் உண்டு. சொல்லிவிட்டு காலில் புண்ணோடு மூன்று மாதம் கழித்து வருபவர்களும் உண்டு. வாக்கியம் ஒன்றுதான். அதனால் உங்கள் வாப்பாவின் ஈமானை அளந்து பார்ப்பதில் பயனில்லை. அந்த வாக்கியத்தை அவர் எதை மூடுவதற்குப் போர்த்துகிறார் என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் கேள்வி கிட்டத்தட்ட அவர்கள் கேட்ட கேள்வியேதான். ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-ல் ஒரு அளவுகோலை வெளியிட்டார். வாழ்க்கையில் நடப்பதெல்லாம் தன் செயலால் நடக்கிறது என்று நினைப்பவர் ஒரு பக்கம், வெளியிலிருந்து வந்து விழுகிறது என்று நினைப்பவர் மறுபக்கம். வால்ஸ்டன் தம்பதியும் அவர்களுடைய குழுவும் 1978-ல் அதை உடல்நலத்துக்கென்று விரித்து மூன்றாக்கினார்கள்: என் நலம் என் கையில், டாக்டர் மாதிரி பெரியவர்கள் கையில், அதிர்ஷ்டத்தின் கையில். இறைவன் என்று தனியாக ஒரு பெட்டியே அதில் இல்லை. 1999-ல்தான் கென்னத் வால்ஸ்டனும் மற்றவர்களும் ‘என் நலம் இறைவன் கையில்’ என்பதற்குத் தனி அளவுகோல் போட்டார்கள்.

இந்த இடைவெளி எனக்கு முக்கியமாகப் படுகிறது. இறைவனை நம்புகிறவரையும் அதிர்ஷ்டத்தை நம்புகிறவரையும் ஒரே கூடையில் போட்டால் கணக்கு தப்பும். நம் ஊர்க் கிழவர் ஒருவரிடம் போய், “அப்போ உங்க உடம்பு சும்மா குருட்டாம்போக்கில் நடக்குதுன்னு சொல்றீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். கோபம் வந்துவிடும். நாட்டம் வேறு, தற்செயல் வேறு. நாட்டத்தில் ஒரு நாடுகிறவன் இருக்கிறான். அவனிடம் கேட்கலாம், அழலாம், முறையிடலாம். தன் பேச்சைக் கேட்கும் ஒருவன் கையில் உடம்பு இருக்கிறது என்று நினைப்பவர், தான் எதுவுமற்றவர் என்று நினைப்பதில்லை.

கென்னத் பார்கமென்ட் என்பவர் 1988-ல் இதை இன்னும் தெளிவாகப் பிரித்தார். பிரச்சினை வந்தால் இறைநம்பிக்கையாளர்கள் மூன்று விதமாக நடக்கிறார்கள் என்றார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது ஒன்று. எல்லாம் அவனே பார்த்துக்கொள்வான் என்று ஒதுங்குவது இன்னொன்று. அவனும் நானும் சேர்ந்து என்பது மூன்றாவது. என் அனுபவத்தில் இந்தக் கரையில் மூன்றாவது வகைதான் அதிகம். ஒரு காலத்தில் பாய்மரத் தோணி ஓட்டிய தொண்டிக்காரர் ஒருவர், “காத்து அவன் கையில டாக்டரம்மா, பாயி என் கையில” என்றார். நான் அசந்துபோய் அதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கடைசி வரை பீடியை விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

(நம்பிக்கை உள்ளவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று வரும் ஆய்வுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிவாசலுக்கு ஐந்து வேளையும் நடந்து போக முடிகிறவருக்கு முழங்காலும் கண்ணும் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது லேசு இல்லை.)

சரி, உங்கள் வாப்பாவுக்கு வருவோம். ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். 15 வருஷம் மாத்திரை போட்டவர் ஆறு மாதமாகப் போடவில்லை. ஈமான் ஆறு மாதத்துக்கு முன்னால் திடீரென்று கூடியிருக்காது. அப்போது என்ன நடந்தது என்று பாருங்கள்.

என் ஊகத்தைச் சொல்கிறேன். ஊகம்தான், ஆனால் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிரஷருக்குத் தரும் மருந்துகளில் சிறுநீரைக் கூடுதலாகப் பிரிக்கும் மாத்திரை ஒன்று உண்டு, ‘தண்ணி மாத்திரை’ என்போம். சீனி ஏறினாலும் சிறுநீர் அடிக்கடி போகும். ஆண்களுக்கு இந்த வயதில் புராஸ்டேட் வீக்கம் வேறு. இந்த மூன்றும் சேர்ந்தால், கழிப்பறைக்குப் போவதற்குள் இரண்டு சொட்டுக் கசிந்துவிடும். நமக்கு அது இரண்டு சொட்டு. அவருக்கு ஒளு, அதாவது தொழுகைக்காகக் கழுவிப் பெற்ற சுத்தம், போய்விட்டது. கைலி சுத்தமில்லை. ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்க முடியாது. ஜும்ஆவில் (வெள்ளித் தொழுகையில்) குத்பா உரைக்கு நடுவில் எழுந்து போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் மாத்திரையை நிறுத்துவார். அப்புறம் லுஹருக்கு (மதியத் தொழுகைக்கு) முன்னால் போட மாட்டார். அப்புறம் போடுவதே இல்லை. இதை மகனிடம் போனில் எப்படிச் சொல்வார்? ‘ஹயாத்து அல்லாஹ் கையில்’ என்பது எவ்வளவு கௌரவமான பதில் பாருங்கள். அதற்கு மேல் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது.

அவர் உயிரைப் பற்றிய கட்டுப்பாட்டை இறைவனிடம் ஒப்படைத்தது இன்று நேற்றல்ல, சிறு வயதிலேயே ஒப்படைத்துவிட்டார். இப்போது அவர் கையை விட்டுப் போனது சிறுநீர். அதுதான் அவரை முடக்குகிறது. பள்ளிக்குப் போவது நின்றால் அஸருக்குப் (பிற்பகல் தொழுகைக்குப்) பிறகு திண்ணையில் உட்கார்ந்து பேசும் கூட்டாளிகளும் போய்விடுகிறார்கள். வீட்டுக்குள் சுருங்கிய மனிதர் எதற்கு மாத்திரை போட வேண்டும்?

இதற்கு மருத்துவத்திலும் வழி இருக்கிறது, மார்க்கத்திலும் வழி இருக்கிறது. மாத்திரையின் நேரத்தை, ரகத்தை டாக்டர் மாற்றித் தரலாம். புராஸ்டேட்டுக்குத் தனி மருந்து உண்டு. மார்க்கத்தில், சிறுநீரை அடக்க முடியாதவருக்கென்றே சட்டம் இருக்கிறது. நம் கரையில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு). அதன்படி வக்து (தொழுகை நேரம்) நுழைந்த பிறகு சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டிக்கொண்டு, ஒளு எடுத்துத் தாமதிக்காமல் தொழ வேண்டும். இடையில் கசிந்தாலும் தொழுகை செல்லும். ஒவ்வொரு ஃபர்ளுக்கும் (கடமையான தொழுகைக்கும்) புதிதாக ஒளு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பல பெரியவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் தனக்குப் பொருந்தும் என்று ஒத்துக்கொள்ள வெட்கம். இம்ரான் இப்னு ஹுஸைன் என்ற நபித்தோழருக்கு மூலநோய் இருந்தது. எப்படித் தொழுவது என்று அவர் நபியவர்களிடமே போய்க் கேட்டார். நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்று பதில் வந்தது. புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. மூலத்தைப் பற்றி நபியிடம் கேட்க வெட்கப்படாதவர் இருந்திருக்கிறார் என்று நான் சொன்னால், சில வாப்பாமார் சிரித்துவிட்டுத் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

சிறுநீர் இல்லையென்றால் வேறு என்னவாக இருக்கலாம்? தாழ்சர்க்கரை. கிளிபென்கிளமைடு மாதிரியான பழைய மாத்திரைகள் வயதானவர்களுக்குச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். ஒரு நாள் அஸருக்கு நடந்து போகும்போது வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டியிருக்கும். மாத்திரைதான் காரணம் என்று அவர் சரியாகவே கண்டுபிடித்து நிறுத்தியிருப்பார். அல்லது செலவு. மகன் அனுப்பும் பணத்தில் பேத்தி கல்யாணத்துக்குச் சேர்த்துக்கொண்டு மருந்தைப் பாதியாக்கும் ஆட்கள் எனக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சீனிக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். இலவச மாத்திரை வாங்கினால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்பது இன்னொரு தடை, அது தனிக் கதை. அல்லது டாக்டர் இன்சுலின் பேச்சை எடுத்திருப்பார். பழைய நாளில் இன்சுலினை மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தார்கள் என்பது எப்படியோ பெரியவர்கள் காதுக்கு வந்திருக்கிறது. நேராகக் கேட்க மாட்டார்கள். 1982-லிருந்து மனித இன்சுலினை நுண்ணுயிர்களை வைத்துத் தயாரிக்கிறார்கள், இன்று நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வகைதான் என்று ஒரு வரி சொன்னதும் இரண்டு வருஷ மறுப்பு தீர்ந்த வீடுகள் உண்டு.

இனி, மார்க்கத்தை வைத்துப் பேசுவது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை (இறைவனிடம் பொறுப்பை விடு) என்ற ஹதீஸை, அதாவது நபிமொழியை, அவரிடம் சொல்லாதீர்கள். தவறான ஹதீஸ் என்பதால் அல்ல; உங்களுக்கு முன்னால் ஐம்பது பேர் சொல்லியிருப்பார்கள், அதில் நாற்பது பேருக்கு அவரே சொல்லிக் கொடுத்திருப்பார். என்னிடம் வருகிறவர்களிடம் அதைவிட நன்றாக வேலை செய்வது இரண்டு. ஒன்று, ஹிஜ்ரி 18-ல், கி.பி. 639 வாக்கில், ஷாம் தேசத்தில் (சிரியா பகுதியில்) அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது கலீஃபா உமர் பாதி வழியில் திரும்பிய சம்பவம். “அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?” என்று அங்கே படைத்தளபதியாக இருந்த அபூ உபைதா கேட்டார். “ஆமாம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கு ஓடுகிறேன்” என்றார் உமர். சீனி அவனுடைய நாட்டம் என்றால் சீனிக்குப் போடும் மெட்ஃபார்மின் மாத்திரையும் அவனுடைய நாட்டம்தான். இன்னொன்று, அபூதாவூதில் வரும் ஹதீஸ்: மருத்துவம் செய்துகொள்ளுங்கள், மருந்தில்லாமல் அல்லாஹ் எந்த நோயையும் வைக்கவில்லை, முதுமையைத் தவிர. ‘முதுமையைத் தவிர’ என்ற அந்தக் கடைசிச் சொல் பெரியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தன் வயதை அது மறுக்கவில்லை. முதுமைக்கு மருந்தில்லை, சரி. ஆனால் சீனி முதுமை இல்லையே.

இதையெல்லாம் நீங்கள் சொல்லாதீர்கள், தம்பி. மகன் வாப்பாவுக்கு ஹதீஸ் சொன்னால் காதில் ஏறாது. ஆலிம்சாவோ (மார்க்க அறிஞரோ), அதைவிட, அவரோடு கூடப் படித்த, அதே சீனியுள்ள ஒரு கூட்டாளியோ சொல்லட்டும்.

ஓதிப் பார்ப்பது பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். தண்ணி ஓதிக் குடிப்பார், ஏர்வாடி தர்காவுக்கு ஸியாரத் (தரிசனம்) போவார், மாத்திரை மட்டும் போட மாட்டார் என்று. அப்துல் கலாம் தன் வரலாற்றில் எழுதியிருப்பதை நினைவுபடுத்துகிறேன். ராமேஸ்வரத்தில் அவருடைய வாப்பா ஜைனுலாப்தீன் மாலைத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பல மதத்து ஆட்களும் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருப்பார்கள். அவர் விரல் நுனியை அதில் தொட்டு துஆ ஓதுவார். நோயாளிக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். குணமாகி நன்றி சொல்ல வந்தவர்களிடம் நன்றியை அல்லாஹ்வுக்குச் சொல்லச் சொல்வாராம். இந்தக் கரை இப்படிப்பட்ட கரை. இது கூடுமா கூடாதா என்று ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது, அந்தச் சண்டைக்குள் நான் போவதில்லை. மருத்துவராக நான் சொல்வது ஒன்றுதான்: மாத்திரை போடுவதற்கும் தண்ணீர் வேண்டும், ஓதிய தண்ணீரிலேயே போடட்டும். என் உம்மம்மா கடைசி 9 வருஷம் அப்படித்தான் போட்டார்கள்.

ஆனால் எல்லைக்கோடு எங்கே என்று இந்த மாவட்டம் ரொம்பக் கொடூரமாகக் கற்றுக்கொண்டது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலை ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளிகள் விடுதி ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப் போனார்கள். குணமாகும் என்று நம்பி விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் அவை. அதற்குப் பிறகுதான் அங்கே முறையான மனநலச் சிகிச்சை வந்தது; இன்று துஆவும் மருந்தும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கிற ஏற்பாடு இருக்கிறது. உங்கள் வாப்பா ஏர்வாடிக்குப் போகட்டும், மாத்திரை டப்பாவோடு போகட்டும். வெறுங்காலோடு சுடுமணலில் மட்டும் நடக்க வேண்டாம். சீனிக்காரர் காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

கால் என்றதும் ஞாபகம் வருகிறது. சீனி உள்ளவர்கள் தினமும் காலைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் தொண்டை வறளக் கத்துகிறோம், யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வாப்பா ஒரு நாளைக்கு ஐந்து தடவை காலைக் கழுவுகிறார்! விரலிடுக்கில் விரலை விட்டுக் கோதிக் கழுவுவது சுன்னத். அந்தக் கோதலிலேயே வெடிப்பு, ஈரப்புண், ஒட்டியிருக்கும் முள் எல்லாம் கைக்குத் தட்டுப்படும். ஒரே ஒரு சேர்க்கை வேண்டும்: கழுவிய பிறகு விரலிடுக்கைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சேற்றுப்புண் வரும். பள்ளி ஹவுளில் (தண்ணீர்த் தொட்டியில்) ஒளு செய்யும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள் என்பதால், ஒரு வேளையாவது வீட்டில், வெளிச்சத்தில், கண்ணாடியோடு செய்யட்டும். மாத்திரை நேரத்தையும் இப்படி வக்தோடு கட்டலாம். நான் சீட்டில் ‘காலை 1, இரவு 1’ என்று எழுதுவதில்லை, ‘சுபுஹுக்குப் பின் பசியாறியதும், இஷாவுக்கு முன் சாப்பிட்டதும்’ என்று எழுதுகிறேன். கடிகாரத்தை மறப்பவர்கள் பாங்கை மறப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் பயப்பட வேண்டும். ‘அல்லாஹ் பார்த்துக்குவான்’ என்பதற்கு அல்ல. ‘நான் என்ன பாவம் செஞ்சேன், ஏன் என்னைக் கைவிட்டான்’ என்று சொல்ல ஆரம்பித்தால் பயப்படுங்கள். பார்கமென்டும் ஹெரால்ட் கோனிக்கும் மற்றவர்களும் அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்த 55 வயது தாண்டிய 596 பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்து 2001-ல் வெளியிட்டார்கள். இறைவன் தன்னைத் தண்டிக்கிறான், கைவிட்டுவிட்டான் என்கிற போராட்டத்தில் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, மற்ற காரணங்களைக் கழித்த பிறகும், கூடுதலாகவே இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் நான் பார்த்தவரை, அந்தப் பேச்சு வரும்போது பெரும்பாலும் மனச்சோர்வும் கூடவே இருக்கிறது. தூக்கம் போயிருக்கும், சாப்பாடு போயிருக்கும், பேரன் பேத்தி சத்தம் பிடிக்காது. அதை ஈமான் குறைவு என்று உறவுக்காரர்கள் சொல்லிக் காட்டுவது பெரிய அநியாயம். அது நோய், அதற்கும் மருந்திருக்கிறது.

அடுத்தது நோன்பு. எல்லா வீட்டிலும் சண்டை வருவது இங்கேதான். எபிடியார் என்ற ஆய்வு 13 நாடுகளில் சீனி உள்ள 12,000 பேருக்கு மேல் கேட்டுப் பார்த்தது. இரண்டாம் வகைச் சீனி உள்ளவர்களில் 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பு பிடித்திருந்தார்கள், அவர்களுக்குக் கடுமையான தாழ்சர்க்கரை மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு. ஆகவே ‘பிடிக்காதீங்க’ என்று சொல்வதால் மட்டும் யாரும் நிறுத்தப் போவதில்லை, அதைக் கேட்டதும் டாக்டரிடம் வருவதைத்தான் நிறுத்துவார்கள். நான் பேரம் பேசுவேன். விரல் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியாது, அதை முதலில் சொல்லிவிடுவேன். 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே ஏறினாலோ, மஃரிபுக்கு (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகைக்கு) பத்து நிமிடம்தான் இருந்தாலும், நோன்பைத் திறந்துவிட வேண்டும். இது பேரத்துக்கு அப்பாற்பட்டது. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பது குர்ஆன் வசனம், பகரா 195. பிடிக்கவே முடியாத முதியவருக்கு நோன்புக்கு ஈடாக ஃபித்யா (ஏழைக்கு உணவு) கொடுக்கும் வழி அதே சூராவில் 184-ல் இருக்கிறது. ஃபித்யா கொடுப்பதைத் தோல்வி மாதிரி நினைக்கிறார்கள். கொடுப்பதை அவர் கையாலேயே, அரிசியாகவே அளந்து கொடுக்க விட்டால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை அளவை மாற்றுவதெல்லாம் அவரைப் பார்க்கிற டாக்டர் செய்ய வேண்டியது, ரமலானுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால். ரமலானுக்கு இரண்டு மாதம் முன்னால் வரும் ரஜப் பிறந்ததும் ஒரு நாள் குறித்துவிடுங்கள். அதற்கு முன்னால், அடுத்த தடவை போன் செய்யும்போது மாத்திரை போட்டீர்களா என்று கேட்காதீர்கள். ஜும்ஆவுக்கு எந்தப் பள்ளிக்குப் போனீர்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள். போகவில்லை என்றால் ஏன் என்று மெதுவாகக் கேளுங்கள். சிறுநீர் விஷயத்தை உங்களிடம் சொல்ல மாட்டார். ஊரில் இருக்கிற உங்கள் மச்சானிடம் சொன்னாலும் சொல்வார்.

சீனி பார்க்கும் மீட்டர் ஒன்றும் வாங்கி அனுப்புங்கள். மீட்டர் விலை பெரிதில்லை, குச்சிகள்தான் செலவு, அதை மாதாமாதம் நீங்களே அனுப்பிவிடுங்கள். வந்ததும் உம்மாவுக்கும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். வாப்பாவின் மாத்திரை, வாப்பாவின் சாப்பாடு, வாப்பாவின் கோபம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். உங்கள் கேள்வியில் அவரைப் பற்றி ‘உம்மாவோடு இருக்கிறார்’ என்ற ஒரு வரிதான் இருக்கிறது. அவருக்குக் கடைசியாகச் சீனி பார்த்தது எப்போது?